கெடையில விழாமப் போயிரணும்

போடியில் பொழுது விடிவதை ஜீப்புச் சத்தத்தில்தான் தெரிந்துகொள்வோம். ஐந்து, ஐந்தரை மணிக்கெல்லாம் தெருமுனைகளில் பெண்கள் தூக்குவாளியோடு நின்றிருப்பார்கள். சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. ஜீப் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டுச் சோதனைச்சாவடியைத் தாண்டிக் கேரளத்துக்குள் நுழையும். பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்கள் விரிந்து கிடக்கும். செடியின் அடியில்தான் ஏலக்காய் காய்க்கும் என்பதால், பகல் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும் காய் எடுக்க வேண்டும். பொழுது சாயும்போது அதே வளைவுகளில் இறங்கி வருவார்கள். என் அம்மாச்சி அப்படிப் போனவள். அம்மாவும் போனவள். நான் போகவில்லை. அவர்கள் இருவரும் மலையேறியதால் நான் கல்லூரிக்குப் போனேன்.

மாணவிகளோடு நடத்தும் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு ஒருநாள் ஒரு பெண் ஒரு கட்டுரையைக் கொண்டுவந்தாள். மனித ஆயுளை 150 வருடமாக நீட்டிக்க அமெரிக்கப் பணக்காரர்கள் கோடி கோடியாகச் செலவழிப்பதைப் பற்றியது. நமக்கு இது வேண்டுமா என்று பேசிப்பார்த்தோம். வேண்டாம் என்றவர்களே அதிகம். சலித்துவிடும், பூமி தாங்காது, இயற்கைக்கு விரோதம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருத்தி மட்டும், “எனக்கு வேண்டாம். எங்க அம்மாவுக்கு வேணும். அவங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்ல” என்றாள்.

அந்தக் கேள்வியை ஏலக்காய் கோடவுன் ஒன்றில் காய் சுத்தம் செய்யும் பெண்களிடமும் கேட்டேன். முழங்கால் தேய்ந்து மலையேற முடியாமல் போனவர்கள் பலர் கடைசியில் இங்கேதான் வந்து உட்காருகிறார்கள். காம்பு கிள்ளி, சொத்தை நீக்கி, பருமன் பார்த்துப் பிரித்து, ஏலத்துக்குப் போகும் காயைத் தயார்செய்கிறார்கள். “நூத்தம்பது வருசம் இருக்கலாம்னா இருப்பீங்களா அத்தை?” என்று கேட்டதும் ஒரே சிரிப்பு. ஒரு அத்தை கையை நிறுத்தாமலே, “நூத்தம்பதா? யாருத்தா பாக்குறது?” என்றார். பிறகு எல்லோரும் சொல்வதையே அவரும் சொன்னார்: “கெடையில விழாமப் போயிரணும். நான் கும்புடுற சாமிகிட்ட அது ஒண்ணத்தான் கேக்குறேன்.”

கூடுதல் வருடங்களை வைத்து என்ன செய்வது என்பது மாணவிகளின் கவலை. அந்த வருடங்களில் யார் பார்த்துக்கொள்வது என்பது கோடவுன் பெண்களின் கவலை. நீண்ட ஆயுளைப் பற்றி உலகம் எழுதிக் குவித்திருப்பதில் பெரும்பகுதி முதல் கவலையைப் பற்றியது. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

கிராமத்துப் பெண்களின் இந்தப் பேச்சை ஞானம் என்று மெச்சுவது நம் எழுத்தாளர்களின் வழக்கம். சாவை எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள், எவ்வளவு பற்றற்று இருக்கிறார்கள் என்று வியப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இது தத்துவமே அல்ல. வீட்டில் எத்தனை கைகள் இருக்கின்றன, எத்தனை கூலி வருகிறது என்று வாழ்நாள் முழுக்கக் கணக்குப் பார்த்த ஒருத்தி போடும் கடைசிக் கணக்கு.

எங்கள் பக்கத்துப் பெண்கள் தங்கள் சாவைப் பற்றி இரண்டு விதமாக வேண்டிக்கொள்வார்கள். ஒன்று, “பூவும் பொட்டுமாப் போயிரணும்.” மற்றது, “கெடையில விழாமப் போயிரணும்.” முதலாவது கணவனுக்கு முன்னால் சாக வேண்டும் என்பது. இரண்டாவது யாருக்கும் பாரமாவதற்கு முன்னால் சாக வேண்டும் என்பது. கல்யாண வீட்டில் மணப்பெண்ணுக்குக் கிடைக்கும் பெரிய வாழ்த்து தீர்க்கசுமங்கலியாக இரு என்பதுதான். நீண்ட ஆயுளைச் சொல்வதுபோல் அது காதில் விழுந்தாலும் அதன் பொருள் வேறு. உன் கணவன் இருக்கும்வரை நீ இரு, அவனுக்குப் பிறகு இராதே என்கிறது அந்த வாழ்த்து. கணவனைவிட வயதில் இளையவளாகப் பார்த்துக் கட்டிவைத்துவிட்டு, அவனுக்கு முன்னால் போ என்றும் வாழ்த்துகிறோம். எத்தனை வருடங்களை அவளிடமிருந்து கழிக்கிறோம் என்று யாரும் கூட்டிப்பார்த்ததில்லை. ஆணுக்கு இப்படியொரு வாழ்த்து கிடையாது. அவன் நூறு வயது வாழலாம். யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால் என்ற நிபந்தனை அவனுக்கு இல்லை.

நீண்ட ஆயுள் என்றதும் தமிழர்களுக்கு நினைவுக்கு வருவது நெல்லிக்கனி. தகடூர் அதியமான் அரிய கனி ஒன்றைப் பெற்றும் அதைத் தான் உண்ணாமல், அதன் பலனைச் சொல்லாமலே ஔவைக்குக் கொடுத்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் இதை வள்ளலின் கொடை என்று படித்தோம். கொடுத்தவனைப் பற்றியே கேள்விகள் வந்தன. வாங்கியவளுக்கு அதற்குப் பிறகு என்ன ஆனது என்று ஒரு ஆசிரியரும் கேட்டதில்லை. விடை புறநானூற்றிலேயே இருக்கிறது. நெல்லிக்கனி தந்தவனை வாழ்த்திப் பாடிய அதே ஔவைதான் அவன் போரில் விழுந்த பிறகு கையறுநிலைப் பாடல்களையும் பாடினாள். கள்ளையும் சோற்றையும் தன்னோடு பகிர்ந்துகொண்ட நண்பன் போனபின் அவன் இல்லாத பொழுதுகளை என்ன செய்வது என்று கலங்கினாள். ஆயுளைக் கொடுத்தவன் செத்தான், வாங்கியவள் ஒப்பாரி வைத்தாள். நீண்ட ஆயுளின் விலை என்ன என்பது தமிழில் முதலில் பதிவானது ஒரு பெண்ணின் குரலில். நாம் கனியை மட்டும் பாடப்புத்தகத்தில் வைத்துக்கொண்டோம்.

பிற்காலக் கதை இன்னும் ஒரு படி மேலே போனது. கல்யாணத்திலிருந்து தப்பிக்க இளம் ஔவை பிள்ளையாரிடம் வேண்டி ஒரே நொடியில் கிழவியானாள் என்றது. சங்கப் பாட்டில் நாம் காணும் ஔவை மன்னனோடு கள்ளருந்தியவள், ஊர் ஊராகச் சுற்றியவள், தூதும் போனவள். அவள் கிழவி என்பதற்கு அந்தப் பாடல்களில் சான்றில்லை. இன்குலாப் எழுதி அ. மங்கை இயக்கிய ‘ஔவை’ நாடகம் அந்த இளம் பாணர்குலப் பெண்ணை மேடைக்கு மீட்டுவந்தது. ஆனாலும் நம் மனதில் நிற்பது 1953இல் வந்த ‘ஔவையார்’ படத்தின் கே.பி. சுந்தராம்பாள்தான். ஒரு பெண் தனியாக நடக்கவும் அரசனிடம் எதிர்த்துப் பேசவும் வேண்டுமென்றால் முதலில் அவளுடைய இளமையைப் பறித்துவிட வேண்டும் என்று நம் கற்பனை முடிவுசெய்திருக்கிறது. நெல்லிக்கனி அவளுக்கு நீட்டித்துக் கொடுத்தது முதுமையைத்தான். மூப்பில் மட்டுமே சுதந்திரம் தரும் சமூகம், மூத்த பெண்ணைப் பார்த்துக்கொள்ளவாவது செய்கிறதா என்றால் அதுவும் இல்லை. பாட்டுப் பாடும் கிழவிக்குச் சிலை வைக்கிறோம். வீட்டில் கிடக்கும் கிழவி ‘எப்போது போகும்’ என்று எண்ணப்படுகிறவள்.

ஆயுளைக் கூட்டும் கதைகளில் ஆண்களின் கதை வேறு மாதிரி. மகாபாரதத்தின் யயாதி சாபத்தால் மூப்பெய்துகிறான். ஆசை தீரவில்லை. மகன்களிடம் இளமையைக் கேட்கிறான். கடைசி மகன் புரு கொடுக்கிறான். தந்தை ஆயிரம் வருடம் மகனுடைய இளமையில் வாழ்கிறார். இந்தக் கதை சொல்லும் நீதி ஆசைக்கு அளவில்லை என்பது என்றே கேட்டு வளர்ந்தோம். அந்த ஆயிரம் வருடமும் புருவின் மூப்பைப் பார்த்துக்கொண்டது யார்? கிரீஷ் கர்னாடின் ‘யயாதி’ நாடகம்தான் புருவின் மனைவி சித்திரலேகாவை நம் முன் நிறுத்தியது. ஒரே இரவில் கிழவனாகிவிட்ட கணவனைத் தியாகியாக ஏற்றுக்கொள் என்று அவளிடம் சொல்கிறார்கள். அவள் மறுத்து, விஷம் குடித்துச் சாகிறாள். ஒருவர் தன் ஆயுளை நீட்டினால் வேறொருவர் வாழ்க்கை அறுபடும் என்பதை அவள் பிணம் காட்டுகிறது.

யயாதி பழங்கதையாக முடிந்துவிடவில்லை. அமெரிக்கத் தொழிலதிபர் பிரையன் ஜான்சன் வயதைப் பின்னோக்கித் திருப்பப்போவதாக அறிவித்து ஆண்டுக்குப் பல லட்சம் டாலர் செலவழிப்பவர். 2023இல் தன் 17 வயது மகனின் ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவைத் தன் உடலில் ஏற்றிக்கொண்டார். பலன் எதுவும் தெரியவில்லை என்று பிறகு அவரே சொன்னார். இளைஞர்களின் பிளாஸ்மாவை இப்படி ஏற்றிக்கொள்வதற்கு மருத்துவப் பயன் நிரூபிக்கப்படவில்லை என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2019லேயே எச்சரித்திருந்தது. அறிவியல் மாறியிருக்கிறது, தந்தை மகனிடம் கேட்பது மாறவில்லை.

மேலை உலகில் இந்த விவாதத்துக்குப் பெயர் தந்ததே ஒரு பெண்ணின் கதைதான். செக் எழுத்தாளர் கரேல் சாபெக்கின் 1922ஆம் ஆண்டு நாடகம் ஒன்றில் எலினா மக்ரோபுலோஸ் 300 வருடத்துக்கு மேல் வாழ்ந்து எல்லாவற்றிலும் சலித்துப்போகிறாள். தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் அவளை வைத்தே சாகாத வாழ்க்கை சலிப்பில்தான் முடியும் என்று ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். ஆனால் எலினாவுக்கு அந்த மருந்து எப்படி வந்தது? பேரரசருக்காக அதைத் தயாரித்த மருத்துவர் அவளுடைய தந்தை. அரசர் குடிப்பதற்கு முன் சோதித்துப் பார்க்க அது 16 வயது மகளுக்குக் கொடுக்கப்பட்டது. அவள் 300 வருடங்களைக் கேட்கவில்லை. அவள் சோதனை எலி. தத்துவம் அவளுடைய சலிப்பைப் பேசுகிறது, அந்தக் குவளையை நீட்டிய கையைப் பேசுவதில்லை. சலிப்பு ஒரு வாதமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நான்கு மணிக்கு எழுந்து ஆக்கி வைத்துவிட்டு ஜீப்பு ஏறும் பெண்ணிடம் அதைச் சொல்லிப்பாருங்கள். சலித்துக்கொள்ள ஒரு மத்தியானமாவது கிடைத்தால் தேவலை என்பாள்.

நம் மண்ணில் இந்தக் கேள்வி உச்சத்துக்குப் போவது வேறோர் இடத்தில். மதுரை, விருதுநகர், தேனி வட்டாரங்களில் தலைக்கூத்தல் என்று ஒன்று உண்டு. படுத்த படுக்கையாகிவிட்ட முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து ‘அனுப்பிவைப்பது’. ஊரில் தலைக்கு ஊத்துறது என்பார்கள். வெளிப்படையாகப் பேசமாட்டார்கள். கொலை என்ற சொல்லும் வராது. இதைப் பற்றித் தமிழில் சில ஆண்டுகளுக்குள் மூன்று படங்கள் வந்தன. பிரியா கிருஷ்ணஸ்வாமியின் ‘பாரம்’ தேசிய விருது பெற்றது. 2019இல் மதுமிதாவின் ‘கே.டி. (எ) கருப்புதுரை’ வந்தது. 2023இல் ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் ‘தலைக்கூத்தல்’ வந்தது. மூன்றும் நேர்மையான படங்கள். முதலிரண்டையும் இயக்கியவர்கள் பெண்கள்.

மூன்றிலும் சாகவேண்டியவர் ஓர் ஆண். ‘பாரம்’ படத்தில் இடுப்பு உடைந்த கருப்பசாமி. ‘கே.டி.’யில் தன் குடும்பம் பேசுவதைக் கேட்டுவிட்டு வீட்டைவிட்டு ஓடும் எண்பது வயதுக் கருப்புதுரை. ‘தலைக்கூத்தல்’ படத்தில் நினைவின்றிக் கிடக்கும் தந்தை. கருப்புதுரை ஓடுகிறார், பிரியாணி தின்கிறார், ஒரு சிறுவனோடு சிநேகமாகிறார், மிச்சமிருக்கும் ஆசைகளைப் பட்டியல் போட்டு நிறைவேற்றுகிறார். கைதட்டிப் பார்த்தேன். திரும்பி வரும் வழியில், அந்த இடத்தில் ஒரு கிழவியை வைத்துப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. அவளை ஓடவிட என் கற்பனையே தயங்கியது. எங்கே ஓடுவாள், எந்தச் சத்திரத்தில் தனியே படுப்பாள்? அதைவிட முக்கியமாக, அவளிடம் ஆசைப் பட்டியல் இருக்கிறதா? வாழ ஆசைப்படும் கிழவன் நமக்குக் குறும்புக்காரன். வாழ ஆசைப்படும் கிழவிக்கு நாம் வைக்கும் பெயர் வேறு: ‘இன்னும் ஆசை விடல பாரு.’

‘தலைக்கூத்தல்’ படத்தில் மகனே தந்தையைக் குளிப்பாட்டித் துடைத்துப் பராமரிக்கிறான். அது அரிய காட்சி, அதற்காக இயக்குநரைப் பாராட்டுகிறேன். அதே வேலையை ஒரு மருமகளோ மகளோ செய்திருந்தால் அது படமாகியிருக்காது. அது வீட்டு வேலை. 2019ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு இதை நிமிடக் கணக்கில் சொல்கிறது. வீட்டு வேலையில் ஈடுபடுபவர்களில் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97. வீட்டிலுள்ளவர்களைப் பராமரிப்பதில் ஈடுபடுபவர்களில் பெண்கள் 134 நிமிடம், ஆண்கள் 76. முதியவர் ஒருவருக்குக் கூடும் ஒவ்வொரு வருடமும் இந்த நிமிடங்களின்மேல்தான் ஏறி உட்காரப்போகிறது.

இதை எங்கள் வீட்டில் பார்த்தேன். அம்மாச்சியின் வயது யாருக்கும் தெரியாது. ஆதாரில் ஜனவரி 1 என்று ஏதோ ஒரு வருடம் போட்டிருந்தார்கள். மலைக்குப் போனாள், பிறகு கோடவுனுக்குப் போனாள். ஒருநாள் வாசற்படியில் விழுந்து இடுப்பு உடைந்தது. மூன்று வருடம் படுக்கை. அம்மா மலைக்குப் போவதை நிறுத்தினாள். திருப்பூரில் இருந்த மாமா மாதாமாதம் பணம் அனுப்பினார். எப்படிப்பட்ட மகன் பார் என்று தெருவே சொன்னது. அம்மாவைப் பற்றித் தெரு எதுவும் சொல்லவில்லை. மகள் செய்வதற்கு என்ன பெயர் இருக்கிறது?

வாழ்நாள் முழுக்கக் கெடையில விழாமப் போயிரணும் என்று சொன்னவள் அம்மாச்சி. விழுந்த பிறகு ஒரு நாளும் அதைச் சொல்லவில்லை. கட்டிலைத் தெருப்பக்கம் திருப்பிப் போடச் சொன்னாள். காலையில் கண் விழித்ததும் இன்று என்ன கிழமை என்று கேட்பாள். எலும்புச் சாறு கேட்டாள். ரேடியோவில் பாட்டு வைக்கச் சொன்னாள். யார் வீட்டுப் பெண் யாரோடு போனாள் என்ற கதையை விவரமாகக் கேட்டாள். அவள் வாழ விரும்பினாள். ஆனால் தண்ணீர் குடிக்கமாட்டாள். தொண்டை காய்ந்தாலும் உதட்டை நனைத்துக்கொண்டு போதும் என்பாள். குடித்தால் மூத்திரம் வரும், அம்மா எழுந்து வந்து துணி மாற்ற வேண்டும். மருத்துவர் திட்டினார், நாங்கள் கெஞ்சினோம். அந்த மூன்று வருடமும் அவளுக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். எலும்புச் சாறு கேட்பவள் ஒருத்தி, தண்ணீரை மறுப்பவள் ஒருத்தி. முதலாமவள்தான் அவள். இரண்டாமவளை உண்டாக்கியது நாம்.

தலைக்கு ஊத்திடலாமே, எத்தனை நாளைக்கு நீ அல்லாடுவே என்று பக்கத்து வீட்டில் ஒருவர் அம்மாவிடம் ஜாடையாகச் சொன்னாராம். அம்மா அவரோடு பேசுவதையே விட்டுவிட்டாள். அம்மாச்சி தானாகவே போய்ச் சேர்ந்து பல மாதம் கழித்து ஒரு ராத்திரி அம்மா என்னிடம் சொன்னாள்: “அவுக சொன்னதுக்காகக் கோவப்படல. நானும் அதையே நெனச்சுக்கிட்டு இருந்தேன், அதான் கோவம். எப்பப் போகும்னு நெனைக்காத நாளில்ல.” பெற்ற தாயை நேசித்த ஒருத்தியைத் தாயின் சாவுக்குக் காத்திருக்க வைத்தது எது? அம்மாவின் மனம் அல்ல. அவளுக்கு மாற்று ஆள் ஒருநாள்கூட வரவில்லை என்பதுதான்.

இதையெல்லாம் சொன்னால், அப்படியானால் நீண்ட ஆயுள் பெண்களுக்குக் கேடு, வேண்டாம் என்று விட்டுவிடலாமே என்று தோழிகள் சிலர் கேட்கிறார்கள். இல்லை. இந்த இடத்தில் நாம் அவசரப்படக் கூடாது. மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்கின்படி 1970–75இல் இந்திய ஆணின் சராசரி ஆயுள் 50.5 வருடம், பெண்ணுடையது 49. உலகின் பெரும்பாலான இடங்களில் பெண்கள் ஆண்களைவிடச் சற்று அதிகம் வாழ்கிறார்கள். இங்கே தலைகீழாக இருந்ததற்குக் காரணம் பேறுகாலச் சாவும், கடைசியில் மிஞ்சியதைத் தின்னும் வழக்கமும், பெண் பிள்ளைக்கு மருத்துவச் செலவு வீண் என்ற எண்ணமும்தான். போடியிலிருந்து மதுரைக்குப் போகும் பஸ் உசிலம்பட்டி வழியாகப் போகும். 1980களில் பெண்சிசுக்கொலைக்காக நாடே பேசிய ஊர் அது. முதல் நாளைக்கூட மறுத்த மண்ணில் ஒவ்வொரு பெண்ணின் ஒவ்வொரு வருடமும் போராடிப் பெற்றது. 2016–20இல் ஆணின் ஆயுள் 68.6, பெண்ணுடையது 71.4. எந்தக் கோடீசுவரனின் ஆய்வுக்கூடமும் இதைத் தரவில்லை. கிராமச் செவிலியரும் தடுப்பூசியும் அரசு மருத்துவமனைப் பிரசவமும் ரேஷன் அரிசியும் சத்துணவும் தந்தவை இவை. ஆயுள் நீட்டிப்பு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். போதும் என்ற மனம் நல்லது என்று இந்தப் பெண்களிடம் போய்ப் போதிக்க எனக்கு வாய் வராது. போதும் என்பதை அவர்கள் பிறந்ததிலிருந்தே கேட்டுவருகிறார்கள்.

ஆக, நீண்ட ஆயுளை விரும்பலாமா என்ற கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும். அதை விரும்பும் உரிமை யாருக்கு இருக்கிறது? ஜான்சனுக்கு இருக்கிறது. கருப்புதுரைக்கு இருக்கிறது. கோடவுன் அத்தைக்கு இல்லை. அவர் கேட்பதற்கு முன்பே விட்டுக்கொடுத்துவிட்டார். இயற்கை விதித்த எல்லைக்கு முன்பே சமூகம் விதித்த எல்லை வந்துவிடுகிறது.

அந்த எல்லையைத் தள்ளிவைக்கப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை. ஏலம் தண்டுத்துளைப்பானுக்கும் இலைப்பேனுக்கும் திரும்பத் திரும்ப மருந்தடிக்கப்படும் பயிர். அடித்த செடியில் கைவிடும் பெண்ணுக்குக் கையுறையும் சோப்பும் வேண்டும். அளவுக்கு மேல் ஆளேற்றாத வண்டி வேண்டும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் ஏலத்தோட்டங்களும் சேர்க்கப்பட்டிருந்தன. ஆனால் அது ஐந்து ஹெக்டேரும் 15 தொழிலாளர்களும் உள்ள தோட்டங்களுக்கானதாகவே இருந்தது. சிறு தோட்டங்களுக்கு நாள்கூலியாக மாநில எல்லையைத் தாண்டிப் போய்வரும் பெண் அதன் நிழலில் நிற்கவில்லை. முதியோர் ஓய்வூதியத்தைத் தமிழக அரசு 2023இல் மாதம் 1,200 ரூபாயாக்கியது. தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் எண்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒன்றிய அரசின் பங்கு பல ஆண்டுகளாக அதே 200 ரூபாய். பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பை 2007ஆம் ஆண்டின் சட்டம் பிள்ளைகளிடம் ஒப்படைத்தது. சட்டத்தில் மகனும் உண்டு, மகளும் உண்டு. நடைமுறையில் பணம் ஒருவரிடமிருந்தும் கை இன்னொருவரிடமிருந்தும் வருகிறது. கையை அரசு கணக்கில் எடுப்பதே இல்லை. பள்ளிக்கூடம்போல, சத்துணவுக்கூடம்போல, ஊருக்கு ஒரு முதியோர் பகல் இல்லமும், வீட்டுக்கு வந்து உடம்பு துடைத்துவிடும் சம்பளம் பெறும் பணியாளரும் இருந்தால் அம்மாச்சி தண்ணீர் குடித்திருப்பாள்.

அம்மா இப்போது அறுபதைத் தாண்டிவிட்டாள். சென்ற மாதம் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே அதே வாக்கியத்தைச் சொன்னாள். நான் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன்: “அம்மா கெடையில விழுந்தா நீ துணி மாத்துவியா?” நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, “அதுக்கு ஆள் வச்சுக்கலாம்டி” என்றான். நல்லவன்தான், உண்மையாகவே பணம் கொடுப்பான். அந்த ஆள் யார்? மலைக்குப் போக முடியாத ஏதோ ஒரு பெண். அவளுடைய அம்மா ஏதோ ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்காமல் கிடப்பாள். மறுபடியும் கேட்டேன். “நீ மாத்துவியான்னுதான் கேட்டேன்.” “கத்துக்கணும்” என்றான். அதற்கு மேல் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அது வாக்குறுதி அல்ல. ஆனாலும் எங்கள் குடும்பத்தில் ஓர் ஆண் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வாசிப்பு வட்டத்தில் கட்டுரையைக் கொண்டுவந்த மாணவிக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். எனக்கு வேண்டும். 150 தர முடிந்தால் 150 வேண்டும். ஆனால் என் மகளுடைய வருடங்களிலிருந்து எடுத்துத் தருவதாக இருந்தால் ஒரு நாள்கூட வேண்டாம். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடிகிற ஊரை உருவாக்கும்வரை, கெடையில விழாமப் போயிரணும் என்று ஒரு பெண் சொல்லும்போது அதைக் கேட்டுத் தலையாட்டாதீர்கள். அம்மா அன்று சொன்னபோது நானும் வழக்கம்போல் தலையாட்டவில்லை. “விழுந்தா என்ன, பாத்துக்குவோம். நீ மொதல்ல தண்ணியக் குடி” என்றேன். “அடி போடி” என்று சிரித்தாள். செம்பு நிறையக் குடித்தாள்.